வேண்டாங்க

அவருக்கு ஒரு காபி கொடுக்க வேண்டுமென்றால் மூன்று தடவை கேட்க வேண்டும். முதல் தடவை கேட்டால், "இப்பத்தானுங்க ஊட்டுல குடிச்சுட்டு வந்தேன்" என்பார். இரண்டாவது தடவை கேட்டால், "எதுக்குங்க உங்களுக்குச் சிரமம்" என்பார். மூன்றாவது தடவை கேட்கவே கூடாது. டம்ளரைக் கொண்டுபோய் முன்னால் வைத்துவிட வேண்டும். "அட, சொன்னாக் கேக்க மாட்டீங்களே" என்று சொல்லிக்கொண்டே இரண்டு மடக்கில் முடித்துவிடுவார். வீட்டில் குடித்துவிட்டு வந்தவர் குடிக்கிற வேகமாக அது இருக்காது.

எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு இது ஒன்றும் புதுமை இல்லை. கொழிஞ்சாம்பாறையிலிருந்து நல்லேப்பிள்ளி போகிற வழியில், கேரள எல்லைக்குள் இருக்கிற தமிழ்த் தோட்டக்காரர்கள் நாங்கள். யார் வீட்டுக்குப் போனாலும் கேட்ட உடனே வட்டிலில் கை வைக்க மாட்டோம். வைத்தால், "காஞ்சு கெடந்திருப்பானாட்ட இருக்குது" என்று முதுகுக்குப் பின்னால் பேச்சு வரும். முதலில் கேட்பது மரியாதைக்கு. முதலில் மறுப்பதும் மரியாதைக்கு. இரண்டாவது தடவை கேட்கும்போதுதான் உண்மையான பேச்சு தொடங்குகிறது. நானும் அப்படித்தான் வளர்ந்தேன். மற்றவர்கள் ஒரு சுற்றில் முடித்துக்கொள்வதை அவர் மூன்று சுற்றுக்கு இழுப்பார், அவ்வளவுதான் வித்தியாசம். அதுவும் சோற்றில், காபியில் என்றில்லை. எல்லாவற்றிலும். அது அவரைக் கெடுத்தது. நானும் சேர்ந்துதான் கெடுத்தேன். அதைச் சொல்லாமல் அவரைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை கிடையாது.

எங்கள் தோட்டத்துக்கு மேற்கே அடுத்த தோட்டம் அவருடையது. நான்கு ஏக்கர், ஒரு கிணறு, மூன்று மாடு, ஓட்டு வீடு. இன்ன உறவு என்று விரல்விட்டுச் சொல்ல முடியாது. நான் மாமா என்பேன், அவர் மாப்பள என்பார். என்னைவிட இருபத்தைந்து வயது மூத்தவர் என்னை 'வாங்க, போங்க' என்றுதான் பேசுவார். நான் என்ன, கன்றுக்குட்டிக்கும் அதே மரியாதைதான். ஒருநாள் கட்டுத்தரையில் கன்று அவர் காலை மிதித்துக்கொண்டு நின்றது. "ஏனுங்க, சித்தெ காலை எடுங்க" என்று அதனிடம் சொல்லிக்கொண்டிருந்தார். கன்று எடுக்கவில்லை. அவரும் தள்ளவில்லை.

நான் அவருக்கு நேர் எதிர். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். தொழிலும் அப்படி அமைந்துவிட்டது. கொழிஞ்சாம்பாறை கடைவீதியில் ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுக்கொடுக்கும் கடை வைத்திருக்கிறேன். வருமானச் சான்று, சாதிச் சான்று, நிலவரி எல்லாம் அங்கேதான். விண்ணப்பத்தில் 'ஆம்', 'இல்லை' என்று இரண்டு கட்டம்தான் இருக்கும். "அது வந்துங்க..." என்று இழுக்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவர் வந்து பெஞ்சில் உட்கார்ந்தால், மற்றவர்களை எல்லாம் "நீங்க பாருங்க, எனக்கென்ன அவசரம்" என்று முன்னால் விட்டுவிட்டு, கடை அடைக்கிற நேரத்தில் பையிலிருந்து காகிதத்தை எடுப்பார். கடைசித் தேதி அன்றைக்குத்தான் முடிந்திருக்கும்.

அவருடைய மனைவியை அத்தை என்பேன். அவர் பொள்ளாச்சிப் பக்கம், கோபாலபுரம் செக்போஸ்டைத் தாண்டித் தமிழ்நாட்டிலிருந்து வாழ வந்தவர். வாய் உள்ளவர். பெண் பார்க்க வந்த கதையை மாமாவை நடுக்கூடத்தில் வைத்துக்கொண்டே சொல்லுவார்.

"எங்கப்பா கேட்டாரு, பொண்ணைப் புடிச்சிருக்குதுங்களான்னு. இவரு, 'அதுக்கென்னங்க இப்ப, ஊருக்குப் போயிச் சொல்றமுங்க'ன்னுட்டாரு. அப்பாவும் நம்ம சனந்தானே, உட்ருவாரா? பின்னாலயே நடந்து பஸ்ஸுக்கு வந்து மறுக்காக் கேட்டாரு. 'பெரியவங்க பாத்துச் செஞ்சாச் சரிதானுங்க'ன்னாரு. பஸ்ஸு வந்துருச்சு, ஏறி உக்காந்துட்டாரு. அப்பா சன்னலைப் புடிச்சுக்கிட்டு மூணாந்தரம் கேட்டாரு. பஸ்ஸு நவுந்த பொறகுதான் தலையை வெளிய நீட்டி, 'புடிச்சிருக்குதுங்க'ன்னாரு. எங்கப்பா ரெண்டோட நிறுத்தியிருந்தா நான் தப்பிச்சிருப்பேன்."

மாமா தலையைக் குனிந்து சிரித்துக்கொண்டே வெற்றிலையில் சுண்ணாம்பு தடவுவார். அத்தைதான் அந்த வீட்டுக்கு வாய். அவருக்கு வேண்டியதை அவர் மறுக்கும்போதே வாங்கி வைத்துவிடுவார்.

இந்த வழக்கம் அந்தக் காலத்தில் நன்றாகவே நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். வாய்க்கால் தண்ணீர் முறை வரும். கடைமடையில் இவர், அடுத்த வயலில் எங்கள் அப்பா. "நீங்க முதல்ல பாய்ச்சிக்குங்க" என்பார் இவர். "அட, அதெப்படிங்க, நீங்க பாய்ச்சுங்க" என்பார் அப்பா. மண்வெட்டியை வைத்துக்கொண்டு இருவரும் கால் மணி நேரம் உபசாரம் பண்ணிக்கொள்வார்கள். கடைசியில் ஆளுக்குப் பாதியாகத் திருப்பிவிட்டுப் போவார்கள். யாருக்கும் குறை வந்ததில்லை. எதிரில் நிற்கிறவனுக்கும் அதே பாடம் தெரிந்திருந்தது.

அந்தப் பாடம் தெரியாத ஒருவர் ரோட்டுக்கும் மாமாவின் தோட்டத்துக்கும் இடையில் இருந்த தோப்பை வாங்கினார். மேற்கே வெகு தூரத்து ஊர்க்காரர், மலையாளி. அவரை நான் வில்லனாக எழுதினால் அது பொய். சிரித்த முகம், சண்டை சச்சரவுக்குப் போகாதவர். அவர் ஊரில் வேண்டும் என்றால் வேண்டும், வேண்டாம் என்றால் வேண்டாம்.

மாமாவின் வீட்டுக்கு ரோட்டிலிருந்து ஓர் இட்டேரி உண்டு. இரண்டு பக்கமும் வேலி, நடுவில் வண்டி போகிற தடம். அந்தத் தோப்பின் ஓரமாக வந்து அவர் வாசலில் முடியும். பால் வண்டி அதில்தான் வரும். அத்தைக்கு இடது பக்கம் இழுத்துக்கொண்ட பிறகு, வாரம் இரண்டு நாள் பக்கத்துச் சித்தூருக்கு வைத்தியத்துக்குக் கூட்டிப்போகிற ஆட்டோவும் அதில்தான் வரும். சில வருடங்களுக்கு முன்னால் கருவிகளைக் கொண்டுவந்து நிலத்தையெல்லாம் மறுபடி அளந்தார்களே, அப்போது வந்த புது வரைபடத்தில் இந்த இட்டேரி இல்லை. தோப்போடு சேர்ந்துவிட்டது. தோப்பு வாங்கியவர் புது வரைபடத்தைப் பார்த்துத்தான் வாங்கினார்.

வேலி போடுவதற்கு முன்னால் அவர் நேரில் வந்து கேட்டார். அன்று நான் அங்கே இருந்தேன்.

"சேட்டா, ஞான் இதுல வேலி கெட்டப் போறேன். உங்களுக்கு இதுவழி போக்குவரத்து உண்டோ?"

"என்னத்தைப் பெரிய போக்குவரத்துங்க" என்றார் மாமா. "வரப்பு இருக்குது. நீங்க உங்க சௌகரியத்தைப் பாருங்க."

எங்கள் ஆள் யாராக இருந்தாலும் அந்த இடத்தில், "அதெப்படிங்க, ஊட்டுக்குத் தடம் வேண்டாங்களா?" என்று கேட்டிருப்பான். அதற்குத்தான் மாமா காத்துக்கொண்டிருந்தார். தோப்புக்காரர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கி, "வலிய உபகாரம் சேட்டா" என்று சொல்லிவிட்டுச் சந்தோஷமாகப் போனார். அடுத்த வாரம் கல்தூண் நட்டுக் கம்பி இழுத்துவிட்டார். மாமா வாசலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டாந்தரம் அவன் வந்து கேப்பான்னு நிக்கறாரு இந்த மனுசன்" என்றார் அத்தை, கட்டிலில் படுத்தபடியே.

அதற்குப் பிறகு பாலை அவரே தோளில் வைத்து வரப்பில் ரோடு வரை கொண்டுபோனார். அத்தையை நாற்காலியில் உட்காரவைத்து நானும் அவரும் முன்னும் பின்னும் பிடித்து நாலு தடவை தூக்கிப்போனோம். வரப்பு ஒரு முழ அகலம். ஐந்தாவது தடவை நாற்காலி சரிந்து அத்தை நடவு வயலில் விழுந்துவிட்டார். அதோடு, "எனக்கு வைத்தியமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். கையும் காலும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்துகொண்டிருந்தவர் கட்டிலோடு ஆனார்.

நான் மனு எழுதினேன். வில்லேஜ் ஆபீஸ், தாலுகா, ஜில்லா என்று மூன்று இடத்திலும் கம்ப்யூட்டரில் என்ன இருக்கிறதோ அதைத்தான் சொன்னார்கள். பிறகு தலைநகரத்தில் மேல்முறையீடு. பழைய வரைபடம், வண்டித்தடத்தின் போட்டோ, பால் வண்டிக்காரரின் கடிதம், அத்தையின் வைத்தியச் சீட்டு என்று எல்லாவற்றையும் சேர்த்து நாற்பது பக்கம் அனுப்பினேன். ஹியரிங்குக்கு மனுதாரர் நேரில் வர வேண்டும் என்று நோட்டீஸ் வந்தது.

இரண்டு பேருக்கும் திருவனந்தபுரம் அதுதான் முதல் தடவை. புறப்படுகிறபோது அத்தை கட்டிலிலிருந்து என்னைக் கூப்பிட்டார்.

"அங்க கடலு இருக்குதாமா. இந்த மனுசனைக் கூட்டிட்டுப் போயி எனக்குஞ் சேத்துக் காலை நனைக்கச் சொல்லு. நாம்போயிப் பாக்கப் போறனா?"

பாலக்காட்டிலிருந்து பகல் ரயில். ஷொர்ணூர் தாண்டுவதற்கு முன்பே பாடம் நடத்த ஆரம்பித்துவிட்டேன்.

"மாமா, அங்க அதிகாரி கேப்பாங்க, தடம் இல்லாம கஷ்டமான்னு. ஆமாங்க, கஷ்டம்னு சொல்லோணும். ஒரே வார்த்தை. நீங்க பாத்து செய்யுங்கன்னெல்லாம் சொல்லிப்போடாதீங்க."

"சரீங்க மாப்பள."

"எங்க, சொல்லுங்க."

"ஆமாங்க, கஷ்டமுங்க." எதிர் சீட்டில் இருந்த பெண் சிரித்தாள். அவரும் சிரித்தார். "அதானுங்களே? சொல்லிப் போடலாமுங்க."

ஊர் போய்ச் சேர்ந்தபோது பொழுது இறங்கிவிட்டது. ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு லாட்ஜில் தங்கினோம். காலையில் வெளியே வந்தால் எந்தத் தெருவைப் பார்த்தாலும் ஒன்று ஏறுகிறது, இல்லாவிட்டால் இறங்குகிறது. ஒரு வீட்டின் மாடி பக்கத்து வீட்டின் வாசல்படிக்குக் கீழே இருந்தது. மாமா நின்று நின்று பார்த்தார். வயலைச் சமன்படுத்தியே முதுகு வளைந்தவர் அவர்.

"என்னுங்க மாப்பள இது, பத்தடி மட்டமா இல்லீங்களே. இதுல எப்படிங்க தண்ணி நிக்கும்?"

"இங்க யாரும் தண்ணி கட்டப் போறதில்ல, வாங்க" என்றேன்.

ஓட்டலில் சாப்பிட உட்கார்ந்தோம். இரண்டு இட்லி முடிந்ததும் பரிமாறுகிற ஆள், "வேற எந்தெங்கிலும்?" என்று கேட்டான். "போதுங்க" என்றார் மாமா. அவன் பில்லைக் கிழித்து வைத்துவிட்டுப் போய்விட்டான். வெளியே வந்து ஏற்றத்தில் நடக்கும்போது, "இட்லி நல்லா இருந்துதுங்க. இன்னும் ரெண்டு தின்னிருக்கலாம்" என்றார். நான் சிரித்தேன். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

விசாரணை அறையில் அதிகாரியாக ஓர் அம்மா இருந்தார். ஐம்பது வயதிருக்கும். நல்ல மாதிரி. அப்படி இருந்ததுதான் வினையாகப் போயிற்று. அதட்டுகிறவராக இருந்திருந்தால்கூட மாமா பயத்தில் உண்மையைச் சொல்லியிருப்பார். அந்த அம்மா இவருடைய வயதைப் பார்த்து லேசாக எழுந்து, நாற்காலியைக் காட்டி, "இரிக்கூ" என்றார். "இருக்கட்டுங்க" என்று இவர் நின்றார். கடைசி வரைக்கும் நின்றுகொண்டேதான் இருந்தார்.

எதிர்த்தரப்பு வக்கீல், வரப்பு வழியாகப் போக்குவரத்து இருக்கிறது, வேலி போடும்போது கேட்டதற்கு மனுதாரர் சம்மதித்தார் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அந்த அம்மா எங்கள் நாற்பது பக்கத்தையும் படித்திருந்தார். அடிக்கோடு போட்டிருந்ததை நான் தூரத்திலிருந்தே பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, மாமாவுக்குப் புரிய வேண்டுமென்று நிறுத்தி நிதானமாக மலையாளத்தில் கேட்டார், தடம் இல்லாததால் உங்களுக்குச் சிரமம் உண்டா என்று. மாமாவுக்கு நன்றாகவே புரிந்தது. அறுபது வருடம் இந்த ராஜ்யத்தில் இருக்கிறார், மலையாளம் தெரியாமலா இருக்கும்?

இவர் கையைக் கட்டிக்கொண்டார். அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தார். எழுந்து நின்று மரியாதை கொடுத்த ஒரு பொம்பளையிடம் போய்க் குறை சொல்வதா என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

"அப்படியொண்ணும் பெரிய சிரமமில்லீங்க" என்றார். "வரப்புல நடந்துக்கறமுங்க."

எனக்குத் தலைக்கு ரத்தம் ஏறியது. "மேடம்..." என்று வாயெடுத்தேன். மாமா என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினார். "சித்தெ பொறுங்க" என்று உதட்டுக்குள்ளேயே சொன்னார். அவர் கணக்கு எனக்குத் தெரியும். அந்த அம்மா இன்னொரு தடவை கேட்பார், அப்போது சொல்லிக்கொள்ளலாம். அந்த அம்மா நிமிர்ந்து என்னையும் ஒரு பார்வை பார்த்தார். பேனா அந்தரத்தில் நின்றது. நான் பேசியிருக்கலாம். பேசச் சட்டத்தில் இடம் இருந்தது, அதற்காகத்தான் கூடப் போயிருந்தேன். ஆனால் பெரியவர் ஒன்று சொல்லும்போது, வெளியாள் முன்னால், அது பொய் என்று எப்படிச் சொல்வது என்று நின்றுவிட்டேன். உள்ளுக்குள் நானும் அந்த இரண்டாவது கேள்விக்குத்தான் காத்திருந்தேன். ஆம், இல்லை என்று ஊருக்கே கட்டம் போட்டுக்கொடுக்கிற நான்.

பேனா இறங்கியது. நாலு வரி எழுதினார். அடுத்த நம்பரைக் கூப்பிட்டார்கள்.

வராந்தாவுக்கு வந்ததும் மாமா கேட்டார்.

"மறுக்காக் கூப்புடுவாங்களா மாப்பள?"

"மாட்டாங்க."

"ஒருக்காத்தான் கேப்பாங்களா?"

படிக்கட்டில் இறங்கி, ரோட்டில் இறங்கி, அவருக்கு முன்னால் பத்தடி தள்ளியே நடந்தேன். அந்த இறக்கத்தில் அவரால் என் வேகத்துக்கு வர முடியவில்லை. நான் திரும்பிப் பார்க்கவும் இல்லை. என் கோபமெல்லாம் அவர் மேல் என்றுதான் அன்றைக்கு நினைத்துக்கொண்டிருந்தேன்.

ரயிலுக்கு நேரம் இருந்தது. அத்தையிடம் வாக்குக் கொடுத்திருக்கிறோமே என்று சங்குமுகம் கடற்கரைக்குப் போகிற பஸ்ஸில் ஏறினேன். பஸ் இறங்கி இறங்கிப் போய் ஒரு திருப்பத்தில் கடலைக் காட்டியது. மாமா, "அடேங்கப்பா" என்றார், அவ்வளவுதான். கரையில் நல்ல காற்று. தலைக்கு மேலே ஒரு விமானம் சக்கரத்தை நீட்டிக்கொண்டு தாழ்வாக இறங்கியது. "சக்கரம் தெரியுதுங்க மாப்பள" என்று என்னிடம் பேச்சுக் கொடுத்துப் பார்த்தார். நான் பிடி கொடுக்கவில்லை.

ஈர மணலுக்குப் பத்தடி முன்னால் நின்றார். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். வேட்டியை முழங்காலுக்கு மேலே தூக்கிக் கட்டிக்கொண்டார். கூட்டம் கூட்டமாக ஜனங்கள் அலையில் இறங்கிக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"கால் நனைக்கறீங்களா?" என்று கேட்டேன்.

"வேண்டாங்க மாப்பள. துணி நனைஞ்சு போச்சுன்னா ரயில்ல எப்படிங்க உக்கார்றது?"

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எதற்கென்று இந்த உலகத்தில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவன் அத்தையைத் தவிர வேறு யாரும் இல்லை. "அட, வாங்க மாமா" என்று ஒரு வார்த்தை. கையைப் பிடித்து ஓர் இழுப்பு. அவ்வளவு போதும். நான் கேட்கவில்லை. வேண்டுமென்றேதான் கேட்கவில்லை. ஒரு தடவை கேட்டால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியட்டும் என்று நினைத்தேன். சுண்டல் வாங்கிக்கொண்டு வந்து தள்ளி உட்கார்ந்து தின்றேன். அரை மணி நேரம் அவர் செருப்பைக் கையில் பிடித்தபடி காய்ந்த மணலில் நின்றார். ஓர் அலை மட்டும் கொஞ்சம் நீண்டு அவர் பாதத்துக்கு ஒரு சாண் தூரம் வரைக்கும் வந்து திரும்பியது. அவர் ஓர் அடிகூட முன்னால் வைக்கவில்லை.

"போலாம்" என்றேன். வேட்டியை அவிழ்த்துவிட்டார். பாதத்து மணலைத் தட்டிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் அத்தை முதலில் கேட்டது கேஸைப் பற்றி அல்ல.

"காலை நனைச்சீங்களா?"

"நனைச்சேன்" என்றார் மாமா, என் பக்கம் திரும்பாமல். "உனக்குஞ் சேத்து நனைச்சேன். ஜில்லுன்னு இருந்துது. மாப்பளதான் கையைப் புடிச்சு இழுத்துட்டுப் போனாரு."

எனக்காக அந்தப் பொய்யைச் சொன்னார். அத்தை என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

ஒன்றரை மாதம் கழித்து உத்தரவு வந்தது. வேறு வழி இருப்பதாலும், பெரிய சிரமம் ஏதுமில்லை என்று மனுதாரரே நேரில் தெரிவித்ததாலும் மனு தள்ளுபடி. மலையாளத்தில் இருந்ததை நான் தமிழில் சொன்னேன். அவர் வாயில் வெற்றிலையோடு கேட்டுக்கொண்டிருந்தார்.

"நாஞ் சொன்னதை அப்படியே எழுதியிருக்கறாங்களே" என்றார். "நல்ல அம்மாதானுங்க."

அத்தை சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். வழக்கமாக அந்த இடத்தில் ஏதாவது சொல்லியிருப்பார். அன்றைக்குச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அந்த வீட்டில் அத்தையின் கேலியை நான் கேட்டதும் இல்லை. மாடுகளை ஒவ்வொன்றாக விற்றார்கள். பால் கேனைத் தோளில் வைத்து வரப்பில் நடக்க மாமாவுக்கு முட்டி ஒத்துழைக்கவில்லை. நானும் அந்தப் பக்கம் போவதைக் குறைத்துக்கொண்டேன். போனால் ஐந்து தடவை சாப்பிடச் சொல்லுவார். மற்றவர்களை அவர் எப்போதும் ஐந்து தடவை கேட்பார். அவர் வீட்டில் வயிறு காய்ந்து திரும்பியவன் கிடையாது.

இந்த ஆடி மாதம், காற்று அடித்துக்கொண்டிருந்த ஒரு நாள் உச்சியில், காலியாகக் கிடந்த கட்டுத்தரையைப் பெருக்கிக்கொண்டிருந்தவர் அங்கேயே சாய்ந்துவிட்டார். யாருக்கும் எந்தத் தொந்தரவும் கொடுக்கவில்லை.

தோப்புக்காரர் முதல் ஆளாக வந்துவிட்டார். மாலை வாங்கிப் போட்டார். உண்மையாகவே கண் கலங்கியிருந்தார். மறுநாள் பாடை கட்டி முடிகிற நேரத்தில் அத்தையின் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து குனிந்து கேட்டார்.

"அம்மா, கம்பி அழிச்சுத் தரட்டே? இட்டேரி வழி கொண்டுபோகலாம்."

நான் தலைமாட்டில் நின்றுகொண்டிருந்தேன். அத்தை அவரை நிமிர்ந்து பார்த்தார். வாய் ஒரு பக்கம் கோணிப்போயிருந்தாலும் வார்த்தை தெளிவாக வந்தது.

"வேண்டாங்க. எதுக்குங்க உங்களுக்குச் சிரமம்."

அது அத்தையின் பேச்சே அல்ல. நாற்பது வருடம் எதைக் கேலி செய்தாரோ அதே சொல்லை, அதே இழுவையோடு சொன்னார். மரியாதைக்குச் சொன்னாரா, வெறுப்பில் சொன்னாரா, மாமாவின் சொல்லை அன்றைக்கு யாராவது சொல்ல வேண்டுமென்று சொன்னாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது. தோப்புக்காரர் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்து போய் நாற்காலியில் உட்கார்ந்தார். நான் போய் அவரிடம், "திறந்து விடுங்க" என்று சொல்லியிருக்கலாம். இரண்டே வார்த்தை. இந்தத் தடவையும் சொல்லவில்லை. அத்தை சொன்னதற்கு மேல் நான் என்ன சொல்வது என்று நின்றேன்.

வரப்பிலேயே கொண்டுபோனோம். பாடையை நான்கு பேர் பக்கத்துக்கு இருவராகப் பிடித்து வரப்பில் நடக்க முடியாது. அதனால் நாங்கள் இரண்டு பக்கமும் வயலுக்குள் இறங்கி, முழங்கால் சேற்றில், நட்டுப் பத்து நாள் ஆன நாற்றை மிதித்துக்கொண்டு நடந்தோம். இரண்டு இடத்தில் பாடை சரிந்தது. ஓர் இடத்தில் அவருடைய கால் கட்டு அவிழ்ந்து, ஒரு பாதம் வெளியே தொங்கி, சேற்றுத் தண்ணீரில் பட்டது. பின்னால் வந்தவர் அதைத் தூக்கி உள்ளே வைத்தார்.

ரோட்டில் ஏறி இறக்கிவைத்து, மூச்சு வாங்க நின்றோம். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூட நான் குடிக்கவில்லை. நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. தோப்புக்காரர் ரோட்டைச் சுற்றிக் காரில் வந்து சேர்ந்திருந்தார். என் பக்கத்தில் வந்து, வருத்தமாக, "ஞான் கேட்டதாணு. அவங்களே வேண்டாம்னு சொல்லிட்டாங்க" என்றார்.

"ஆமாங்க, கேட்டீங்க" என்றேன்.

அவர் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து மூடியைத் திறந்து என் பக்கம் நீட்டினார். "கொறச்சு வெள்ளம் குடிக்கணோ?"

"வேண்டாங்க" என்றேன்.

அவர் மூடியைத் திருகி, பாட்டிலைத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டார்.